ஹெப்பள்ளி மாஸ்தர் வாதாடிய ஒரே வழக்கு

ராச்சப்பா ஹெப்பள்ளி இறந்த பிறகு எங்கள் சட்டக் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் வக்கீல்கள். அதனால் உண்மை சற்றுக் குறைவாகத்தான் வந்தது. அவருக்குக் கோபமே வராது என்றார் ஒருவர். சாட்சியச் சட்ட வகுப்பில் தூங்கியவனைக் குறிவைத்து அவர் எறிந்த சாக்பீஸ் ஜன்னல் வழியாகப் பறந்து, தெருவில் போன தபால்காரரின் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே பையனின் தலையில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் எதற்கும் அஞ்சாதவர் என்றார் இன்னொருவர். கோர்ட் வாசலைத் தவிர்க்க அவர் சந்து வழியாகச் சுற்றிப் போவார் என்பது எனக்கும், எங்களோடு பாடம் நடத்திய நதாஃபுக்கும், சாப்பாடு போட்ட நீலவ்வாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் வாழ்நாளில் வாதாடிய ஒரே வழக்கைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. செத்தவருக்குக் காட்டும் மரியாதை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. கூட வேலை பார்த்தவள், கூடச் சாப்பிட்டவள், அந்த வழக்கில் அவருடைய அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். நான் சொல்லாமல் யார் சொல்வது?

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளும் உயரம். கையில் எப்போதும் கறுப்புக் குடை. தார்வாட்டில் மழை ஆரம்பித்தால் கோர்ட் காகிதக் கட்டுகளில் காளான் முளைத்து, தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்ததார் அதைப் பறித்துப் பல்யாப் பொரியல் செய்துகொள்ளும் அளவுக்கு நீளும் என்பதால் குடை நியாயமானதுதான். அவர் அதைக் கோடையிலும் விடமாட்டார். மனைவி போய் வெகுகாலம். குழந்தைகள் இல்லை. கோர்ட்டிலிருந்து தள்ளி, மாளமட்டியில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். சமையலறையில் அடுப்பு இருந்தது. அதன் மேல் தீர்ப்புத் தொகுதிகளை அடுக்கி வைத்திருந்தார்.

சிவில் நடைமுறையும் சாட்சியமும் அவர் பாடம். குடும்பச் சட்டம் என்னுடையது. ஒப்பந்தச் சட்டம் இமாம்ஸாப் நதாஃபுடையது. நாங்கள் பாடம் நடத்தினோம். ஹெப்பள்ளி நடந்தார். மேடையின் வலது ஓரத்தில் நின்று ஒரு கட்சிக்காகப் பேசத் தொடங்குவார். அந்தக் கட்சிக்காரன் தன் சொந்தத் தம்பி என்பதுபோலப் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களுக்கு எதிர்க்கட்சியைப் போய் அடித்துவிட்டு வரலாமா என்று தோன்றும். பாதி வகுப்பு ஆனதும் டஸ்டரை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவார். "சரி, இப்ப அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே மேடையின் இடது ஓரத்துக்கு நடப்பார். அங்கே நின்று இன்னும் உருக்கமாகப் பேசுவார். முதல் பாதியில் கொதித்த பையன்கள் இரண்டாம் பாதியில் வெட்கப்படுவார்கள். மணி அடிக்கும். "தீர்ப்பு உங்க வேலை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்.

வகுப்புக்கு வெளியிலும் அப்படித்தான். சந்தையில் கத்திரிக்காய்க்காரியிடம் பேரம் பேசி விலையை இறக்குவார். பிறகு அவளுடைய கஷ்டத்தை அவரே எடுத்துப் பேசி விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவார். அவர் தலை தெரிந்தால் சந்தையே பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அவர் சாப்பிடப் போகும் இடம் நீலவ்வாவின் கானாவளி. கல்லூரிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில், ஓடு போட்ட ஒரே கூடம். பின்பக்கம் அடுப்படி. சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப்பொடி, மோர். மாணவனாக வந்து சாப்பிட ஆரம்பித்தவன் வக்கீலாகி, சிலர் நீதிபதியாகியும் அங்கேயே சாப்பிட்டார்கள். ஹெப்பள்ளி வகுப்பில் சொல்லாமல் விட்டுப்போன தீர்ப்புகளெல்லாம் அந்தக் கூடத்தில்தான் ரொட்டிக்கு மேலே சொல்லப்பட்டன. நீலவ்வா கணவன் இறந்த வருஷம் அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தவள். இரண்டு பெண்களை அந்த அடுப்பை வைத்தே கட்டிக்கொடுத்தாள். அவளுக்கு வேறு வருமானம் இல்லை, வேறு வீடும் இல்லை. ராத்திரி அந்தக் கூடத்திலேயேதான் படுப்பாள்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சுபேதார் தளவார். பட்டாளத்திலிருந்து முழங்கால் மடங்காமல் திரும்பி வந்தவர். அந்த இடத்தில் மாவு மில் வைக்க வேண்டும், காலி செய்து கொடுங்கள் என்று கேட்டார். நீலவ்வா மறுத்தாள். அவர் வழக்குப் போட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வழக்கு நடக்கும்போதே ஒருநாள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, காசு வைத்துவிட்டுப் போனார். நீலவ்வாவும் இன்னொரு ரொட்டி போட்டாள்.

இப்படிப்பட்ட வழக்கில் வீட்டுக்காரருக்கு இடம் உண்மையிலேயே வேண்டுமா என்று பார்த்த பிறகு, காலி செய்யச் சொன்னால் குடியிருப்பவருக்கு அதிகக் கஷ்டமா, சொல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு அதிகக் கஷ்டமா என்று கோர்ட் எடை போடும். எல்லாம் அந்தத் தராசில்தான். நீலவ்வாவின் வக்கீல் சாட்சி விசாரணையை முடித்துவிட்டு, வாதம் மட்டும் பாக்கி இருக்கும்போது பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். ஹெப்பள்ளி அப்போதுதான் ஓய்வு பெற்று, நதாஃபின் தொந்தரவு தாங்காமல் வக்கீல் தொழிலுக்கான உரிமச் சன்னது வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார்.

"மாஸ்தரே, நீங்களே பேசிடுங்க" என்றாள் நீலவ்வா, மோர் ஊற்றிக்கொண்டே.

"நானா? எனக்குக் கோர்ட் பழக்கமில்ல நீலவ்வா. நல்ல ஆளா நான் பாத்துத் தரேன்."

"அங்க கோட்டு போட்டுக்கிட்டு நிக்கறவன் எல்லாம் உங்ககிட்டப் படிச்சவன்தானே? அவனுக்கே பேச வருது. சொல்லிக்கொடுத்த உங்களுக்கு வராதா?"

"சொல்லிக்கொடுக்கறது வேற."

"ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுக்கறவளுக்கு ரொட்டி தட்ட வராதா என்ன? எனக்கு வேற ஆள் வேணாம். தோத்தாலும் நீங்க பேசித் தோத்தாப் போதும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மோரைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்களுக்குப் பயம் பிடித்தது.

பயம் அவர் திறமையைப் பற்றி இல்லை. வெளியே வரும்போது நதாஃப், எங்கள் ஊரில் டீச்சரம்மாவைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டு, என் காதருகில் சொன்னார்: "அக்கோரே, இவரு வலது பக்கம் நல்லாப் பேசுவாரு. அப்புறம் நடப்பாரே, அதுக்கு என்ன பண்றது?"

எனக்கும் அதே நினைப்புதான் வந்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தேன்.

காலி வகுப்பறையில் ஒத்திகை வைத்தோம். நதாஃப் நீதிபதி. நான் எதிர்க்கட்சி. முதல் நாள் ஹெப்பள்ளி நீலவ்வாவுக்காகப் பேசினார். எதிர்க்கட்சியான நானே தலையாட்டிக்கொண்டிருந்தேன். முடித்தார். அடுத்த நொடி கை மாறியது, கால் நகர்ந்தது. நதாஃப் மேஜையைத் தட்டினார்.

"ஏ ராச்சப்பா. எங்க போற?"

ஹெப்பள்ளி மேடையின் நடுவில் நின்றார். தூக்கத்தில் நடந்து எழுப்பப்பட்டவர் மாதிரி எங்களைப் பார்த்தார். "நான் நடந்தேனா?"

"கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்த."

"நாளைக்கு நடக்கமாட்டேன்."

மறுநாளும் நடந்தார். நடுவில் நாற்காலி போட்டோம்; சுற்றிக்கொண்டு போனார். பெஞ்சைக் குறுக்கே இழுத்துப் போட்டோம். அந்த வயதில் வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தாண்டினார். பேச்சை நிறுத்தவே இல்லை. என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால்தானே நிறுத்துவார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "வத்ஸலாபாயி, வயசாயிட்டா மனுஷன் தன்னோட வாயை நம்பலாமா?"

"நம்பலாம் சர். காலைத்தான் நம்ப முடியல."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் பேசலைன்னா எனக்கு மூச்சு பாதியில நின்ன மாதிரி இருக்கு. இது என்ன வியாதின்னு தெரியல. அந்தப் பொம்பளை என்னை நம்பி உக்காந்திருக்கா" என்றார்.

வாதத்துக்கு முந்தின நாள் அவர் சாப்பிட வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். நானும் நதாஃபும் கடைசியாக ஒரு திட்டம் போட்டோம். வக்கீல்களுக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் நான் உட்கார்ந்துகொள்வது. அவருடைய அங்கி நுனி என் கையில். கால் நகர்ந்தால் இழுப்பது. சட்டம் படித்த இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

அவர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தார். இடது உள்ளங்கையில் மை பேனாவால் 'நில்' என்று பெரிதாக எழுதிக்கொண்டு வந்தார். கோர்ட் வாசலில் எங்களுக்குக் காட்டுவதற்காகக் கையை விரித்தார். வழியெல்லாம் மழை. குடைக்கம்பியில் வழிந்த தண்ணீரில் எழுத்து கரைந்து உள்ளங்கை முழுக்க நீலமாக இருந்தது.

"தெரிஞ்சுது இல்ல?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீதிபதி மைசூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். ஹெப்பள்ளியின் வகுப்பில் உட்காராத ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். உள்ளூர் நீதிபதியாக இருந்தால் மாஸ்தரின் பழக்கம் என்று புரிந்துகொண்டு காதை மூடிக்கொள்வார். இவருக்கு என்ன தெரியும்? நான் அங்கி நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

சுபேதாருக்கு வக்கீல் பசவந்த் ஹூலி. ஹெப்பள்ளியின் மாணவன். கெட்டிக்காரன், கொஞ்சம் சோம்பேறி. சுபேதார் நாட்டுக்காகப் பனியில் நின்றார், முழங்காலைக் கொடுத்தார் என்று கண்ணீர் வர வைக்கும் விதமாகப் பேசினான். நீலவ்வாவின் கஷ்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நதாஃப் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெயிக்கக்கூடிய வழக்கு என்று அர்த்தம்.

ஹெப்பள்ளி எழுந்தார். முதலில் குரல் எழும்பவில்லை. நீதிபதி கையைக் காதருகில் வைத்து, "கொஞ்சம் சத்தமா" என்றார். இருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். பிறகு அவருக்குக் கோர்ட் மறந்துவிட்டது. விதவையாக வந்து ஓர் அடுப்பை மூட்டியவள், அந்த அடுப்பிலிருந்தே இரண்டு பெண்களை வாழவைத்தவள், ராத்திரி தலைசாய்க்க அந்தக் கூடத்தைத் தவிர வேறு தரையில்லாதவள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பைச் சொன்னார். பார்க்காமல் சொன்னார். வராந்தாவில் வாய்தா வாங்க நின்றவர்கள் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். ஹூலி முகம் சுண்டி உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் சுபேதாரே எழுந்து, வழக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

முடித்தார். இனி உட்கார வேண்டியதுதான்.

அவர் உட்காரவில்லை. கையில் இல்லாத டஸ்டரை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

நான் அங்கியை இழுத்தேன். நதாஃபின் மச்சானிடம் இரவல் வாங்கிய அங்கி. கழுத்துக் கொக்கி தளர்ந்திருந்தது. அது அவர் தோளிலிருந்து வழுக்கி மொத்தமாக என் மடியில் வந்து விழுந்தது. அவர் வெறும் கோட்டோடு நடந்துபோய்விட்டார்.

"சரி, இப்ப அந்தப் பக்கம்."

ஹூலி நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். அவன் யோசித்துச் செய்யவில்லை. வகுப்பில் முன்வரிசையில் அப்படி வழிவிட்டுப் பழக்கம். பழக்கத்தில் பேனாவையும் திறந்தான். திரும்பிப் பார்த்தேன். அறையிலிருந்த வக்கீல்களில் பாதிப் பேர் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார்கள்.

நீலவ்வா என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்; மழை இரைச்சலில் அவளுக்குப் பேச்சு பிடிபடவில்லை. முழங்கையால் என்னை இடித்தாள். "பாத்தீங்களா அக்கோரே, அவங்க பக்கமே போய் நின்னு வாங்கு வாங்குன்னு வாங்கறாரு" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் அங்கியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சுபேதாரின் மடங்காத காலைப் பற்றி ஹெப்பள்ளி பேசினார். ஹூலி பேசியதைவிடக் குறைவாக, அதனாலேயே அதிகமாக உறைக்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தினார். வகுப்பில் அவர் குரலைத் தாழ்த்தினால் முக்கியமானது வருகிறது என்று அர்த்தம்.

"அந்த அம்மாவுக்குக் கஷ்டம்னு சொன்னாங்க. இருக்கலாம். ஆனா வேற இடம் தேடினாங்களா? வழக்கு நடந்த காலம் பூரா ஒரு தடவையாவது, ஒருத்தர்கிட்டயாவது, வாடகைக்கு இடம் இருக்கான்னு கேட்டாங்களா? சாட்சியத்துல ஒரு வார்த்தை இல்ல. தேடாம, கிடைக்கலன்னு எப்படிச் சொல்றது?"

நதாஃப் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஓட்டையை நாங்கள் மூவரும் முதல் நாளே பார்த்திருந்தோம். எதிர்க்கட்சி பார்க்கவில்லை என்பதில்தான் எங்கள் நம்பிக்கையெல்லாம் இருந்தது.

அதற்கும் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னார். நீதிபதியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹெப்பள்ளி நீதிபதியை நேராகப் பார்த்து, "தீர்ப்பு உங்க வேலை" என்றார்.

பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"வாதம் முடிஞ்சுது சுவாமி."

"மிஸ்டர் ஹூலி, பதில் சொல்ல ஏதாவது இருக்கா?"

ஹூலி எழுந்தான். வாயைத் திறந்தான், மூடினான். சுபேதார் பக்கம் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மறுதரப்பு வக்கீல் கடைசியாச் சொன்னதை என்னோட வாதமா ஏத்துக்கறேன் சுவாமி." சொல்லிவிட்டு, தலையில் ஓடு விழுந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

வெளியே வந்தோம். ஹெப்பள்ளி குடையை விரித்தார். பல வருஷமாகப் பார்க்காத தெளிவு அவர் முகத்தில் இருந்தது. "பயந்த அளவுக்கு இல்ல. நல்லாத்தானே போச்சு?" என்றார். நதாஃப் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் மழையைப் பார்த்தேன். எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீலவ்வா எங்களுக்கு முன்னால் ஓடிப்போய், காலையிலேயே செய்து வைத்திருந்த போளியை எடுத்து வைத்தாள். அவர் தட்டில் நெய்யை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கம் போய் என்ன மாஸ்தரே சொன்னீங்க? அந்த ஹூலிப் பையன் முகமே செத்துப்போச்சு."

"அதுவா? நீ வேற இடம் தேடலைன்னு…"

அங்கே நின்றார். போளித் துண்டு கையில் இருந்தது. அதைத் தட்டில் வைத்தார். உள்ளங்கையைத் திருப்பி, அதிலிருந்த நீலக் கறையைப் பார்த்தார். எதிர்க்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அதை ஓடிப்போய் அணைக்கவேண்டும் போலிருந்தது.

"அதை அவங்க சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?" என்று நீலவ்வா கேட்டாள்.

"நான்தான்."

அவள் நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

அவர் எழுந்து கைகழுவிக்கொண்டு போனார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு அப்படியேதான் வந்தது. வீட்டுக்காரருக்கு இடம் தேவை. குடியிருப்பவர் வேறு இடம் தேடியதாகச் சாட்சியம் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். மேல்முறையீடு செய்யலாம் என்று நதாஃப் சொன்னார். நீலவ்வா கேட்கவில்லை.

"வேணாம் சாப். அங்க இன்னும் பெரிய ஹாலு இருக்கும். மாஸ்தர் இன்னும் தூரம் நடப்பாரு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ரொட்டி தட்டும் சத்தம் மாறிவிட்டது. தட்டுவாள், நிறுத்துவாள், கூரையைப் பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். பெண்கள் இருவரும் புருஷன் வீட்டில். அங்கே போய் அவளால் உட்கார முடியாது. எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று எல்லோருக்கும் பயம்.

ஹெப்பள்ளி கானாவளிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தால் கதவு பாதி திறந்திருக்கும். பொரியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். கன்னம் ஒட்டிப்போய், அந்த உயரத்துக்கு மடக்கின குடை மாதிரி இருந்தார். சன்னதைத் திருப்பிக் கொடுக்க மனு எழுதி வைத்திருந்தார். பேச்சு கொடுத்தால் ஒரு பக்கம்தான் பேசினார். தான் செய்தது தப்பு என்ற பக்கம். அதற்கு மறுபக்கம் என்ன என்று நதாஃப் கேட்டதற்கு, "இல்ல" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அந்த மனுஷர் எதற்கும் மறுபக்கம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

நான் நீலவ்வாவிடம் போய்ச் சொன்னேன். "அவரு இப்படியே போனா மழை நிக்கறதுக்குள்ள போய்ச் சேந்துடுவாரு."

"எனக்கே தங்க இடமில்ல. இதுல அவரு வேறயா?" என்றாள். ஆனாலும் அடுப்பை அணைத்தாள். இரண்டு ரொட்டியையும் கத்திரிக்காயையும் துணியில் கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அவருடைய குடையை அவளே பிடித்துக்கொண்டாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து நின்றார். நீலவ்வா மூட்டையை மேஜையில் வைத்து, "உக்காருங்க, சாப்பிடுங்க" என்றாள்.

"எந்த முகத்தோட நீலவ்வா?"

"இருக்கற முகத்தோடதான். வேற முகம் வெச்சிருக்கீங்களா?"

அவர் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மெதுவாகப் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். ஒரு தீர்ப்புத் தொகுதியை நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. அடுப்பு மேடையைக் கையால் தட்டிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"வேற இடம் தேடினியான்னு கோர்ட்ல கேட்டீங்க இல்ல?"

அவர் கையிலிருந்த ரொட்டி நின்றது.

"தேடிட்டேன். இதுதான்."

அவர் கூரையைப் பார்த்தார்.

"வீடு பழசு. ஒழுகும்."

"அங்க ஒழுகலியா? பாத்திரம் வெச்சுப் பிடிச்சுக்கலாம்."

"புகைக்கு அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"கோர்ட்லேருந்து இவ்ளோ தூரம் யாரு நடந்து வருவாங்க நீலவ்வா?"

அவள் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். "அது தெரியல மாஸ்தரே" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒரு கண்டிஷன். எனக்கும் உங்களுக்கும் நாளைக்குத் தகராறு வந்தா நீங்க வாதாடக் கூடாது. நான் ஒருத்தியே ரெண்டு பேர்கிட்டத் தோக்க முடியாது" என்றாள்.

அவர் சிரித்தார். குபீரென்று வெடித்து, பிறகு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால்தானா என்று நான் கேட்கவில்லை.

புத்தகங்கள் மச்சுக்கு ஏறின. நதாஃப் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார். பழைய கூடத்துச் சாவியை நீலவ்வா சுபேதார் கையில் கொடுத்தபோது அவர் அடுப்புக் கற்களைத் தன் வண்டியிலேயே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

புது இடத்தில் முதல் நாள். மழை விடவில்லை. நீலவ்வா விடியும்முன் எழுந்து வழக்கமான அளவுக்கு மாவு பிசைந்தாள். கூடத்தில் பாய் விரித்து, தட்டுகளைப் போட்டாள். மத்தியானம் ஆயிற்று. கோர்ட் சாப்பாட்டுக்குக் கலையும் நேரமும் வந்தது. தெருவில் ஒரு குதிரைவண்டி போயிற்று. அதுவும் நிற்கவில்லை. கத்திரிக்காயின் எண்ணெய் மேலே உறைய ஆரம்பித்தது.

"நாமளே ரெண்டு ரெண்டு தடவை சாப்பிட்டுடலாம்" என்றார் நதாஃப். யாரும் சிரிக்கவில்லை.

ஹெப்பள்ளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலவ்வா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், உள்ளே போவாள், ஒரு ரொட்டியைக் கூடுதலாகத் தட்டுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை மாவையும் அவள் என்ன செய்வாள்?

கேட் அசைந்தது. நனைந்த கோட்டோடு ஒருவன் நின்றான், உள்ளே வராமல். பசவந்த் ஹூலி.

"அக்கோரே, சர் இருக்காரா?" என்றான் என்னிடம்.

நீலவ்வா வாசலுக்கு வந்தாள். "அவரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பசியோட வந்தியா, சும்மா வந்தியா?"

"பசியோடதான் அவ்வா."

"அப்ப செருப்பை அங்கயே விடு. கோட்டைக் கழட்டிக் கம்பியில போடு. பாயை நனைக்காத."

அவன் உட்கார்ந்தான். ஹெப்பள்ளி எதிரில் வந்து உட்கார்ந்தார். அவன் முதல் துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"சர், அன்னிக்கு நான் அதை ஏத்துக்கிட்டது தப்பா?"

"ஏத்துக்காம உக்காந்திருந்தா உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்டிருக்கமாட்டேன். உன் கட்சிக்காரனுக்கு நீ வேற என்ன செய்யணும்?" ஹெப்பள்ளி சட்னிப்பொடியை அவன் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. நான் பண்ணினதுதான் தப்பு. அதுக்கு நீ பொறுப்பில்ல."

ஹூலி சாப்பிட ஆரம்பித்தான். நீலவ்வா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டாள். ஆனால் அவள் பார்வை அவன் மேல் இல்லை.

"தனியாவா வந்த?" என்று கேட்டாள்.

"பார் ரூம்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். வழி கேட்டாங்க." வாயில் இருந்ததை விழுங்கினான். "வருவாங்களான்னு தெரியல அவ்வா. மழை."

ஓட்டின் இடுக்கிலிருந்து பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. நீலவ்வா நிலைப்படியிலேயே மாவுக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். ஹெப்பள்ளி எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதில்மேல் ஒரு குடை தெரிந்தது. அது எங்கள் கேட்டைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது.

நீலவ்வா அடுப்படிக்கு ஓடினாள்.